இடது காலின் இரும்புச் சப்பாத்து

இத்தாலியின் பலேர்மோ நகரில், போர்கோ வெக்கியோப் பகுதியில், சாரோவின் காப்பிக் கடைக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது ஒரு படமும் ஒரு இரும்புச் சப்பாத்தும். படத்தில் கீர்த்திகன் மோட்டார் சைக்கிளை இடப்பக்கம் சரித்து, மண்ணை வாரி இறைத்துக்கொண்டு வளைவில் போகிறான். படத்துக்குக் கீழே ஆணியில் சப்பாத்து தொங்குகிறது. இடது காலுக்கு மட்டும். ஸ்பீட்வே என்ற மண்பாதைப் பந்தயம் ஓடுகிறவர்கள் இடது காலில், தோல் சப்பாத்துக்கு மேலே, இப்படி ஒரு இரும்புத் தகட்டை மாட்டிக்கொள்ள வேண்டும். வளைவுக்கு வளைவு அந்தக் காலைத்தான் மண்ணில் ஊன்றிச் சறுக்குவார்கள். ‘எங்கள் காம்பியோனேயின் முதல் சப்பாத்து’ என்று சாரோ அதன் கீழே எழுதி ஒட்டியிருந்தார். காம்பியோனே என்றால் சாம்பியன், அதாவது கீர்த்திகன்.

ஊரில் இருக்கும் நாளெல்லாம் றோபேட் காலையில் அந்தக் கடையில் நின்றபடி காப்பி குடிப்பான். படத்துக்கு முதுகைக் காட்டித்தான் நிற்பான். அந்தச் சப்பாத்து கீர்த்திகனுடையது அல்ல. றோபேட் தன் கால் அளவுக்குத் தகட்டை வெட்டி, வளைத்து, தானே வெல்டிங் செய்தது. இதை அவன் சாரோவிடம் ஒருபோதும் சொன்னதில்லை. சொன்னால் பொறாமை என்பார்கள். பொறாமைதான். ஆனால் அதை இன்னொருவர் வாயால் கேட்க அவன் விரும்பவில்லை.

இருவரும் ஒரே வயதுக்காரர். சின்ன வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து பலேர்மோவுக்கு வந்தவர்கள். தாய்மார் சிஞ்ஞோராக்களின், அதாவது இத்தாலியச் சீமாட்டிகளின், வீடுகளில் வேலை செய்தார்கள். பிள்ளைகள் சந்துகளில் பந்தடித்து, அந்தத் தெருப் பையன்களைப் போலவே இத்தாலி பேசப் பழகினார்கள். படிப்பு முடிந்ததும் றோபேட் துறைமுகப் பக்கம் இருந்த மோட்டார் சைக்கிள் கராஜில் சேர்ந்தான். கீர்த்திகன் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவினான்.

சாரோவுக்குப் பக்கத்து ஊரான பகேரியாவில் எலுமிச்சைத் தோட்டம் இருந்தது. பட்டாளத்தில் இருந்த காலத்தில் வடக்கே ஸ்பீட்வே பார்த்து அந்தப் பைத்தியம் பிடித்தவர் அவர். தோட்டத்தின் ஒரு பகுதியை அழித்து, முட்டை வடிவில் ஒரு மண் பாதை போட்டார். அதில் நாலு பேர் நாலு சுற்று ஓடுவார்கள். திரும்புவது எப்போதும் இடப்பக்கம். மோட்டார் சைக்கிளுக்குப் பிரேக் கிடையாது, கியர் ஒன்றுதான், எரிபொருள் மெதனோல். கராஜில் றோபேட்டின் கை வேலையைப் பார்த்த சாரோ, ஒரு ஞாயிறு அவனை அங்கே கூட்டிப்போனார். றோபேட் கீர்த்திகனைக் கூட்டிப்போனான். அதுதான் அவன் செய்த பிழை என்று பிறகு பல வருடம் நினைத்துக்கொண்டான்.

இருவரும் சேர்ந்து பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினார்கள். ஒரு மோட்டார் சைக்கிள், ஒரு இரும்புச் சப்பாத்து. ஒருவன் ஓடிவிட்டு வந்ததும் மற்றவன் அதைக் கழற்றி மாட்டிக்கொள்வான். றோபேட்டின் கால் பெரிது. கீர்த்திகன் முன்பக்கம் பழைய துணியை அடைத்துக்கொண்டுதான் ஓடுவான். அந்த நாட்களில் றோபேட்தான் வேகம். பார்த்தவர்கள் இருக்கிறார்கள். சாரோவே பார்த்தவர். இப்போது கேட்டால் அவருக்கு ஞாபகம் வருவதில்லை.

வடக்கே நடந்த முதல் போட்டிக்கு றோபேட்டின் பெயரைத்தான் கொடுத்திருந்தார்கள். புறப்பட வேண்டிய அதே நாளில் வரச் சொல்லி, பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூராவிலிருந்து அவனுக்கு அழைப்பு வந்தது. பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கக் கைரேகை வைக்க வேண்டும். தவறவிட்டால் இன்னொரு நாள் கிடைக்க மாதங்கள் ஆகும். கையில் பெர்மெஸ்ஸோ இல்லாதவனைக் கராஜில் வைத்திருக்க மாட்டார்கள்.

“நீ போ மச்சான். அடுத்த முறை நான் போறன்” என்றான் றோபேட்.

“மனசாரத்தான் சொல்றியோ?”

“பின்னை? எனக்குப் பதிலா நீ குவெஸ்தூராவுக்குப் போகேலுமோ? என்ரை கைரேகை உன்ரை விரலிலையே கிடக்கு?”

கீர்த்திகன் மோட்டார் சைக்கிளோடும் இரும்புச் சப்பாத்தோடும் போனான். றோபேட் விடியற்காலையில் இருந்து வரிசையில் நின்றான். கைரேகை எடுத்த அலுவலர் அவன் விரல்களில் படிந்திருந்த எண்ணெயைப் பார்த்து, கழுவிக்கொண்டு வரச் சொன்னார். மறுநாள் மாலை தொலைபேசி அடித்தது.

“மச்சான், வெண்டிட்டன்! கடைசி வளைவிலை ரெண்டு பேரை வெளிப்பக்கத்தாலை வெட்டினனான்!”

“நல்லது” என்றான் றோபேட். பிறகு, “எஞ்சின் சூடாகேல்லையோ?” என்று கேட்டான். அன்று முதல் அவன் கீர்த்திகனிடம் எஞ்சினைப் பற்றித்தான் அதிகம் கதைத்தான்.

அடுத்த முறை வரவேயில்லை. வடக்கில் இருந்த ஒரு கிளப் கீர்த்திகனை எடுத்துக்கொண்டது. அவனுக்கு நம்பிக்கையான மெக்கானிக் வேண்டியிருந்தது. இந்தப் பருவம் மட்டும் என்று சொல்லி றோபேட் கராஜில் விடுப்பு எடுத்துக்கொண்டு போனான். பருவம் முடிந்ததும் பலேர்மோவுக்கும் கராஜுக்கும் திரும்புவான், அடுத்த பருவம் வந்ததும் மறுபடி போவான். நீயும் ஓடேன் என்று கீர்த்திகன் கேட்பான் என்று அவன் காத்திருந்தான். ஓட விருப்பம் என்று றோபேட் சொல்வான் என்று கீர்த்திகன் காத்திருந்தானோ என்னவோ, அதுவும் நடக்கவில்லை.

முதல் இத்தாலியப் பட்டம் வந்த வருடமே கீர்த்திகன் றோபேட்டின் தங்கை அமலினியைக் கட்டிக்கொள்ளக் கேட்டான். சமயம் வேறு என்று இரண்டு வீட்டிலும் முணுமுணுத்தார்கள். றோபேட்தான் இரண்டு பக்கமும் பேசி முடித்துவைத்தான். கலியாணத்துக்கு வந்த எல்லோரும் காம்பியோனேயோடு படம் எடுத்துக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் பக்கத்தில் நின்ற றோபேட்டைப் பார்த்து, “தம்பி, நீங்களும் ஏதோ மோட்டார் சைக்கிள் வேலைதானே?” என்று ஒருவர் கேட்டார்.

பிறகு இரண்டாவது பட்டம். ஐரோப்பியச் சுற்றுகள். இத்தாலிய அணியின் சட்டை. போலந்தில் கூட்டம் எழுந்து நின்று கைதட்டிய ஒரு மழை நாள். கபோச் சந்தையில் மீன் வாங்கப் போனால் கீர்த்திகனிடம் காசு வாங்க மறுப்பார்கள். றோபேட்டிடம் வாங்கிக்கொண்டு, “காம்பியோனேக்கு எங்கள் வணக்கத்தைச் சொல்” என்பார்கள்.

றோபேட்டின் வேலையில் யாரும் ஒரு குறை சொன்னதில்லை. மண்ணைக் காலால் அழுத்திப் பார்த்தே பின்சக்கரத்தில் எத்தனை பல் உள்ள சக்கரம் போடுவது என்று சொல்லிவிடுவான். மண் கனமாக இருந்தால் பல் கூட்டுவான், காய்ந்து வழுக்கினால் குறைப்பான். பொறாமையை அவன் எஞ்சினுக்குள் விட்டதில்லை. அது அவனுக்குத் தன்மானப் பிரச்சினை. பொறாமை இருந்தது கண்ணில். கீர்த்திகனின் ஓட்டத்தில் இருந்த பிழை ஒவ்வொன்றும் அவனுக்குப் பாடம். முதல் வளைவில் அக்சிலேற்றரைப் பிந்தி முறுக்குகிறான். வலது தோளை வேண்டாத அளவுக்கு உயர்த்துகிறான். உலகமே கைதட்டும்போது றோபேட், “அந்தத் தோள், அந்தத் தோள்” என்று தனக்குள் சொல்லிக்கொள்வான்.

கண்ணில் மட்டுமல்ல, காலிலும் இருந்தது. வேலியோரம் நின்று ஓட்டத்தைப் பார்க்கும்போது, கீர்த்திகன் வளைவில் சாயும் ஒவ்வொரு முறையும் றோபேட்டின் இடது கால் தன்பாட்டில் நிலத்தை அரைக்கும். ஓட்டம் முடியும்போது அவன் நின்ற இடத்தில் ஒரு பள்ளம் விழுந்திருக்கும். அது அவனுக்கே தெரியாது.

ஒரு வருடம் வடக்கே, அரையிறுதி ஓட்டத்தில், கீர்த்திகன் முன்னால் போய்க்கொண்டிருந்தான். ‘ஒருக்கா விழட்டுமன்’ என்று றோபேட்டின் மனதில் ஓடியது. அடுத்த வளைவில் பின்னால் வந்தவனின் சக்கரம் தட்டி, கீர்த்திகன் பலகை வேலியில் மோதினான். தோள்பட்டை எலும்பு முறிந்தது. றோபேட்தான் ஓடிப்போய்த் தூக்கினான். ஆஸ்பத்திரியில் கூட இருந்தான், குளிக்க வார்த்தான், சாப்பாடு தீத்தினான். பலேர்மோ திரும்பியதும் வெறுங்காலுடன் மொந்தே பெல்லெக்ரினோ மலை ஏறி, ஊரின் காவல் புனிதையான சாந்த ரொசலியாவின் குகைக்குப் போனான். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மலைப்பாதையில் பாதிப்பேர் எங்கள் சனம்தான். அவன் கால் புண்ணைப் பார்த்து ஒரு அக்கா, “மச்சானுக்காக இப்பிடி ஆர் செய்வினம்? நல்ல பிள்ளை” என்றாள். றோபேட் தலையைக் குனிந்துகொண்டு ஏறினான்.

அதற்குப் பிறகுதான் அமலினி நாவூறு கழிக்கத் தொடங்கினாள். மேல்வீட்டு சிஞ்ஞோரா அவளுக்கு ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி, ஒலிவ் எண்ணெய் சொட்டுவிட்டுப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தாள். கெட்ட கண் பட்டிருந்தால் எண்ணெய் பரந்துவிடுமாம். அமலினிக்குச் செத்தல் மிளகாயில்தான் நம்பிக்கை. போட்டிக்கு முன் கீர்த்திகனைக் கதிரையில் இருத்தி, மிளகாயும் உப்பும் மண்ணும் கையில் பொத்தி, தலையைச் சுற்றி, நெருப்பில் போடுவாள். நாவூறு இல்லையென்றால் மிளகாய் நெடியில் வீடே இருமும். இருந்தால் மிளகாய் கருகிச் சாம்பலானாலும் நெடி வராது. யாருடைய கண் என்று சந்தேகமோ, அவர் நின்ற இடத்தின் மண்ணை எடுக்க வேண்டும். அது அவருக்குத் தெரியக் கூடாது.

மண்ணை அவள் எங்கே எடுக்கிறாள் என்று றோபேட் கேட்டதில்லை. எதிராளிகள் நின்ற இடமாக இருக்கும் என்று நினைத்திருந்தான்.

மூன்றாவது பட்டத்துக்கான இறுதிப் போட்டிக்கு முன், பகேரியாவில் கடைசிப் பயிற்சி நடந்தது. கீர்த்திகன் ஓடி முடித்து வந்தான். றோபேட் வேலியோரம் இருந்து போய், மோட்டார் சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, சங்கிலியைப் பார்க்கக் குனிந்தான். துடைத்து வைத்திருந்த எண்ணெய்த் தாங்கியின் பளபளப்பில் பின்னால் இருந்த வேலி தெரிந்தது. அமலினி அங்கே நின்றாள். சுற்றும் முற்றும் பார்த்தாள். குனிந்தாள். அவனுடைய இடது கால் அரைத்த பள்ளத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து, லேஞ்சித் துணியில் முடிந்து, கைப்பைக்குள் வைத்தாள். பழகிய வேலையைச் செய்வது போல இருந்தது அவள் கை.

றோபேட் சங்கிலியைத் தொட்டபடி அப்படியே இருந்தான்.

“என்ன மச்சான், சங்கிலி தளர்ந்திட்டுதோ?” என்று கீர்த்திகன் கேட்டான்.

“இல்லை. சரியாத்தான் கிடக்கு.”

அந்த எஞ்சினை அவன் அந்த வாரம் முழுவதும் பிரித்துப் பிரித்துப் பூட்டினான். இரவில் படுத்தால் அந்த லேஞ்சி நினைவுக்கு வந்தது. தன் கண் அதில் இருக்கிறது என்றால் தன் கையாவது சுத்தமாக இருக்கட்டும் என்று நினைத்தான். கீர்த்திகன் எல்லா ஓட்டத்திலும் முதலாவதாக வந்து மூன்றாவது பட்டத்தை வென்றான்.

திரும்பி வந்த ஞாயிறு மதியம் அமலினி கபோவில் வாங்கிய வாள்மீனில் குழம்பு வைத்திருந்தாள். மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கீர்த்திகன் சொன்னான்:

“இதோடை காணும் எண்டு யோசிக்கிறன். தோள் இனித் தாங்காது. சாரோ பகேரியாவிலை ஒரு பிரியாவிடை வைக்கப் போறாராம்.”

அமலினி சிலுவை போட்டுக்கொண்டாள். றோபேட் மீன் முள்ளைத் தட்டின் ஓரத்தில் வைத்தான்.

“விட முதல் ஒருக்கா என்னோடை ஓடு.”

“என்ன?”

“நீயும் நானும். நாலு சுற்று. ரெண்டு மோட்டார் சைக்கிளும் ஒரே மாதிரி. நான் கட்டித் தாறன்.”

அமலினியின் கையில் இருந்த அகப்பை சட்டிக்கு மேலேயே நின்றது. “அண்ணா, உனக்கென்ன விசரோ? முழங்கால் நோகுதெண்டு நேற்றும் சொன்னாய்.”

“அது படி ஏறேக்கை. இது இருந்துகொண்டு ஓடுறது.”

“வயசு என்ன உனக்கு?”

“உன்ரை மனுசன்ரை வயசுதான்.”

கீர்த்திகன் சிரிக்கவில்லை. “சரி, ஓடுவம்” என்றான்.

அடுத்த வாரங்கள் றோபேட் வேலை முடிந்ததும் பகேரியாவுக்கு ரயில் ஏறி, தனியாக ஓடிப் பழகினான். முதல் நாள் இரண்டு தரம் விழுந்தான். மற்ற நேரமெல்லாம் இரண்டு எஞ்சினையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கட்டினான். தன்னுடையது நல்லது என்று ஒருவரும் நாளைக்குச் சொல்லக் கூடாது. கீர்த்திகனுடையது நல்லது என்று தானே தனக்குச் சொல்லிக்கொள்ளவும் கூடாது. பிஸ்டனை நிறுத்துப் பார்த்தான். கிளட்ச் தகடுகளைச் சோடி சோடியாகப் பிரித்து இரண்டுக்கும் பங்கிட்டான்.

பிரியாவிடை நாள் காலையில் சாரோவின் கடைக்குப் போய், காப்பி கேட்காமல், ஆணியில் இருந்த சப்பாத்தை எடுத்தான்.

“ஏய்! அதைத் தொடாதே! அது காம்பியோனேயுடையது!” என்று சாரோ கத்தினார்.

றோபேட் கதிரையில் அமர்ந்து, இரும்புக்குள் விரலை விட்டு, முனையில் இறுகிக் கிடந்த ஒரு பழைய துணிப் பந்தை இழுத்து எடுத்தான். பிறகு தோல் சப்பாத்து போட்ட தன் இடது காலை உள்ளே விட்டான். கால் சத்தமில்லாமல் போய்ப் பொருந்தியது. வாரைப் பூட்டினான். சாரோ அவன் காலையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அப்படியென்றால் இது...”

றோபேட் துணிப் பந்தை அவர் முன்னால் வைத்தான். “இதுதான் காம்பியோனேயுடையது. இதை மாட்டிவையுங்கள்.”

பகேரியாவில் நல்ல கூட்டம். ஒருபக்கம் போர்கோ வெக்கியோ ஆட்கள், மறுபக்கம் தமிழ்ச்சனம், நடுவில் இரண்டு பக்கமும் ரோல்ஸ் பலகாரம் கொடுத்துக்கொண்டு திரிந்த பெண்கள். ஆபிரிக்காவிலிருந்து வீசும் சிரோக்கோ காற்று மண்ணை உலர்த்தியிருந்தது. சாரோ பாதைக்குத் தண்ணீர் அடித்தும் பாதி வழுக்கலாகவே கிடந்தது. றோபேட் இரண்டு மோட்டார் சைக்கிளிலும் பல் குறைந்த சக்கரம் போட்டான். அமலினி வேலியோரம் நின்றாள். கைப்பையை நெஞ்சோடு அணைத்திருந்தாள்.

தடுப்பு நாடா மேலே பறந்தது. றோபேட்டுக்கே நம்பிக்கை வரவில்லை, முதல் வளைவில் அவன்தான் முன்னால். இரும்புச் சப்பாத்து மண்ணைக் கிழித்தது. இரண்டாவது சுற்றில் கீர்த்திகன் வெளிப்பக்கமாக வந்து அவனைத் தாண்டினான். மூன்றாவது சுற்றில் றோபேட் அவன் பின்னால் ஒட்டிக்கொண்டான், வாய் நிறைய மண். நாலாவது சுற்றின் கடைசி வளைவில் இருந்து வெளியே வரும்போது முன்னால் இருந்த எஞ்சினின் சத்தம் இறங்கியது.

அந்த எஞ்சினின் எல்லாச் சத்தமும் றோபேட்டுக்குத் தெரியும். மெதனோல் வராமல் தடுமாறினால் ஒரு சத்தம், பிளக் பழுதானால் வேறு சத்தம். இது இரண்டும் இல்லை. இது ஒரு மனிதன் அக்சிலேற்றரை மெல்ல, கவனமாக விடும் சத்தம்.

றோபேட் அவனைத் தாண்டினான். கோடு முன்னால் தெரிந்தது. கூட்டம் எழுந்து கத்தியது. றோபேட் அக்சிலேற்றரை முழுதாக விட்டு, கிளட்சைப் பிடித்து, இரும்புக் காலை மண்ணில் அழுத்தினான். பிரேக் இல்லாத மோட்டார் சைக்கிள் அந்தக் காலில் தேய்ந்து தேய்ந்து, கோட்டுக்குக் கொஞ்சம் இப்பால் வந்து நின்றது. பின்னால் வந்த கீர்த்திகனும் காலை ஊன்றி ஊன்றி அவன் பக்கத்தில் வந்து நின்றான்.

“என்னடா நிக்கிறாய்? கோடு உந்தா கிடக்கு. போ!”

“ஏன் கையை விட்டனி?”

“எஞ்சின் விட்டிட்டுது.”

“எந்த எஞ்சின்? நான் கட்டின எஞ்சினோ? என்ரை எஞ்சினிலை பழி போடாதை, சொல்லிப்போட்டன். எஞ்சின் விட்டா இருமி விடும். இது நீ விட்டது.”

“கத்தாதை மச்சான், சனம் பார்க்குது.”

“பார்க்கட்டும்!”

“சரி, விட்டனான். உன்ரை தங்கச்சி காலமை முழுக்க அழுதவள். அண்ணாவை ஒருக்கா வெல்ல விடுங்கோ, அந்தக் கண் அதோடை போகட்டும் எண்டவள்.”

றோபேட் வேலியைப் பார்த்தான். அமலினி முகத்தைக் கைப்பையால் மறைத்திருந்தாள்.

“நீயும் ஓம் எண்டனியோ?”

“அவளுக்காக மட்டுமில்லை.” கீர்த்திகன் கண்ணாடியைக் கழற்றினான். கண்ணைச் சுற்றி மட்டும் வெள்ளையாக, மற்ற முகமெல்லாம் மண்ணாக இருந்தது. “நீ ஒருத்தன்தான் எரியிறாய் எண்டு நினைக்காதை. எங்கை போனாலும் ‘றோபேட்டின்ரை எஞ்சின்’ எண்டுதான் கேக்கிறாங்கள். போலந்திலை ஒருத்தன் எனக்குக் கை குடுக்கேல்லை, நேர போய் எஞ்சினைத் தடவினவன். வெண்டது நானோ, உன்ரை எஞ்சினோ? எனக்கு இண்டைவரைக்கும் தெரியாது.”

றோபேட் அவனைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தான். “உனக்கு... என்னிலையோ?”

“பின்னை? உனக்கு மட்டும் எழுதிக் குடுத்த சொத்தே அது?”

“அப்ப ஒழுங்கா ஓடிப் பார்க்கிறதுக்கென்ன?”

“ஓடினா தெரிஞ்சிடும். கையை விட்டா தெரியாமலே இருக்கலாம்.”

ஒலிபெருக்கியில் சாரோவின் குரல் வந்தது: “சிஞ்ஞோரி, நாற்காலி போடட்டுமா? காப்பியும் கொண்டுவரவா?” கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

“திரும்ப ஓடுவம்” என்றான் றோபேட்.

“ஓம். ஆனா உன்னுடையதைத் தா. என்னுடையதை நீ எடு.”

“ரெண்டும் ஒண்டுதான்.”

“ஒண்டுதானே. அப்ப மாத்தினா என்ன?”

மாற்றிக்கொண்டார்கள். ஆனால் உடனே ஓட முடியவில்லை. தாங்கியில் மெதனோல் ஒரு ஓட்டத்துக்குத்தான் ஊற்றியிருந்தது. றோபேட் மோட்டார் சைக்கிள்களை உள்ளே தள்ளிப்போய், கையுறையைக் கழற்றிவிட்டு, வேலையைத் தொடங்கினான். எரிபொருள் ஊற்றினான். பின்டயரின் ஒரு பக்க விளிம்பு தேய்ந்திருந்ததால் சக்கரத்தைக் கழற்றி, மறுபக்கம் திருப்பிப் பூட்டினான். இரண்டிலும். கீர்த்திகன் இனி ஓட்டப்போகும் மோட்டார் சைக்கிளின் கிளட்ச் கம்பியை இழுத்துப் பார்த்தான். மனம் கேட்காமல் இன்னொரு தரம் பார்த்தான். கூட்டம் பொறுமை இழந்து காலால் பலகையைத் தட்டியது. கீர்த்திகன் ஒரு கவிழ்த்த வாளியின் மேல் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

“என்னைத் தோக்கடிக்கப் போறவன் செய்யிற வேலையே இது?”

“தோத்தாப் பிறகு கிளட்சைச் சொல்லுவாய். உன்னை எனக்குத் தெரியும்.”

இரண்டாவது ஓட்டத்தில் கீர்த்திகன் கையை விடவில்லை. தொடக்கத்தில் இருவரும் ஒன்றாகத்தான் முதல் வளைவுக்குள் போனார்கள். வெளியே வரும்போது கீர்த்திகன் முன்னால் இருந்தான். றோபேட் உள்பக்கம் முயன்றான், வெளிப்பக்கம் முயன்றான். மண் அவன் கண்ணாடியை மூடியது. துடைத்துவிட்டுப் பார்த்தபோது முன்னால் அந்தத் தோள். இத்தனை வருடமாக வேலியோரம் நின்று பழித்த வலது தோள். பின்னால் இருந்து பார்த்தால்தான் தெரிந்தது. வழுக்கல் வரும் இடத்துக்குக் கொஞ்சம் முன் அந்தத் தோள் உயரும். உடல் பாரம் மாறும். பின்சக்கரம் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். றோபேட் தானும் தோளை உயர்த்திப் பார்த்தான். சக்கரம் பிடிக்கவில்லை, விலகியது. கீர்த்திகன் கோட்டைத் தாண்டியபோது றோபேட் இன்னும் கடைசி வளைவில்தான் இருந்தான்.

சாக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. எல்லாச் சாக்கையும் அவனே முன்கூட்டி அடைத்துவிட்டிருந்தான்.

போர்கோ வெக்கியோவில் அமலினியின் வீட்டுப் பால்கனியில் பொழுது சாய முதலே கரி அடுப்பு மூட்டியாயிற்று. அவள் கண் சிவந்திருந்தது. லேஞ்சியை எடுத்தாள், அண்ணனைப் பார்த்ததும் முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

“ஒளிக்காதை” என்றான் றோபேட். “ஆரின்ரை மண் எண்டு எனக்குத் தெரியும்.”

“அண்ணா...”

“பள்ளம் விழுறது எனக்குத் தெரியாது. நீயாவது சொல்லியிருக்கலாம்.”

கீர்த்திகன் குறுக்கே வந்தான். தன் சப்பாத்தின் அடியில் ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டி அவள் கையில் வைத்தான். “முதல் இதை வை. உன்ரை அண்ணாவைக் கதிரையிலை இருத்து. அவருக்கும் ஒரு கண் பட்டிருக்கு, என்ரை கண்.”

அமலினி இருவரையும் விளங்காமல் பார்த்தாள். பிறகு றோபேட்டை இருத்தி, மிளகாயும் உப்பும் கணவனின் மண்ணும் பொத்தி, அண்ணனின் தலையைச் சுற்றி, தணலில் போட்டாள். மிளகாய் வெடித்தது. அடுத்த மூச்சில் மூவரும் தொண்டை கிழிய இருமினார்கள். மேல்வீட்டு சிஞ்ஞோரா ஜன்னலைத் திறந்து, “கொலையா செய்கிறீர்கள்?” என்று கத்தி, தானும் இருமி, ஜன்னலை அடித்துச் சாத்தினாள். கீர்த்திகன் கண்ணீர் வடியச் சிரித்தான். வென்றது தானா, எஞ்சினா என்ற அவனுடைய கேள்விக்கு அன்று மத்தியானமே விடை கிடைத்துவிட்டது; எரிவும் அதோடு போய்விட்டது.

“இனி நீ இரு” என்று றோபேட் எழுந்தான்.

கீர்த்திகன் கதிரையில் இருந்தான். அமலினி லேஞ்சியை அவிழ்த்தாள். இந்த முறை ஒளிக்காமல் அண்ணனின் மண்ணை எடுத்து, மிளகாயோடு பொத்தி, கணவனின் தலையைச் சுற்றிப் போட்டாள். மிளகாய் சிவந்தது, கருகியது, சுருண்டது. மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். றோபேட் அடுப்புக்கு மேலே குனிந்து, எஞ்சினை மணந்து பார்ப்பது போல இழுத்து மணந்தான். கரியின் மணம் மட்டும்தான் வந்தது.

“நெடி இல்லை” என்றான்.

“பரவாயில்லை அண்ணா” என்றாள் அமலினி மெதுவாக. “இண்டைக்குத் தோத்தனிதானே. நாளைக்குப் போயிடும்.”

“போகாது.” றோபேட் குனிந்து, இடது காலில் இன்னும் பூட்டியிருந்த இரும்புச் சப்பாத்தின் வாரை ஒரு துளை இறுக்கிவிட்டு, கீர்த்திகன் பக்கம் திரும்பினான். “வாற ஞாயிறு திரும்ப ஓடுவம். வெள்ளனவே வந்து தண்ணி வடிவா அடிக்கச் சொல்லி சாரோவிட்டைச் சொல்லு. இண்டைக்கு மண் காய்ஞ்சு போச்சு. காய்ஞ்ச மண்ணிலை நீ எப்பவும் கெட்டிக்காரன்.”

“நான் ஓட்டத்தை விட்டிட்டன் எண்டு சொன்னனான் எல்லோ?” என்றான் கீர்த்திகன்.

“அது சனத்துக்கு. என்னோடை விடேலாது.”

கீர்த்திகன் தன் தோளைத் தடவிக்கொண்டான். “எத்தினை பல்லு போடுவாய்?”

“அது மண்ணைப் பார்த்துத்தான் சொல்லுவன்” என்றான் றோபேட்.